பேசாம இருக்கறதுக்கு எதுக்கு நெட்டு

அடைப்பே இல்லைங்கறயா? நல்லாப் பாரு அம்மிணி. என்ற கையால நான் வெச்ச அடைப்பு, இல்லாம எங்க போயிரும்?

"உங்களுக்கெல்லாம் அது பண்ணத் தெரியாதுங்க பாட்டி"ன்னு மட்டும் சொல்லாத. நீ ஏணியத் தோள்ல போட்டுட்டு வந்து எறங்கறப்போ எதுத்த வூட்டுக்காரரு என்ன கேட்டாரு? ஆம்பளை ஆள் யாரும் வரலையான்னு கேட்டாரா இல்லையா. உன்ற மூஞ்சி போன போக்கை நான் சன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். இப்பொ நீ என்னையச் சொன்னப்போ எனக்கும் அப்படித்தான் சுருக்குனு வந்துச்சு.

நெசம், என்ற பையன் பூபதி சிங்கப்பூர்ல இருந்து உங்க நெட்டு ஆபீசுக்குக் கம்ப்ளைண்ட் போட்டான். எங்கம்மா போன்ல படம் அப்படியே நின்னுருது, வந்து பாருங்கன்னு. அது போட்டு ஒரு மழைக்காலமே போயிருச்சு. வருவீங்க வருவீங்கன்னு பாத்து, நானே சரி பண்ணிக்கிட்டேன். மேல மச்சுல இருக்கறா பாரு நாச்சம்மா, என்ற ஓரகத்தி, எங்கூட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, அவ போனுக்குப் போற நெட்டை இழுத்து அடைச்சுட்டேன். அன்னையில இருந்து என்ற போன்ல ஒரு தடங்கல் இல்லை. அத்தனைதான். சரியாயிருச்சுன்னு எழுதிக்கிட்டுப் போ.

சித்தெ உக்காரேன். ஏணி எங்கயும் ஓடிராது. பேரு என்ன சொன்ன, சங்கவியா? நல்ல பேரு. கம்பத்துல ஏறுவயா? ஏறுவயா? சரி, அப்பொ உனக்குச் சொன்னாப் புரியும்.

இது என்னடா ஒரே வூட்ல இருந்துக்கிட்டு ஓரகத்திக்கு நெட்டை அடைக்கறாங்களே, பொறாமை புடிச்ச கெழவியா இருப்பாங்களோன்னு உன்ற மனசுல ஓடுது. ஓடலையா? ஓடும். பொறாமையா, எனக்கா, நாச்சா மேலயா? அவளுக்குப் புள்ளை குட்டி கெடையாது. புருசன் போயி வருசக்கணக்காச்சு. மச்சுல ஒரு ரூம்பு, ஒரு அடுப்பு, ஒரு மொறம். எனக்குப் பையன் இருக்கறான், மருமக இருக்கறா, பேத்தி இருக்கறா. கீழ் வூடு முச்சூடும் என்றது. அவகிட்ட என்ன இருக்குதுன்னு நான் பொறாமைப்படறது? அவளுக்கு ஒண்ணுமில்லைன்னு ஊரே பாவம் பாக்குது. எனக்கு எல்லாம் இருக்குதுன்னு என்னைய ஒருத்தரும் ஒண்ணும் பாக்கறதில்லை. அது வேற.

ரசத்துக் கதை ஒண்ணு சொல்றேன் கேளு. நான் கட்டிக்கிட்டு வந்து கொஞ்ச வருசங்கழிச்சுத்தான் அவ வந்தா. அதுவரைக்கும் அந்த வூட்ல என்ற ரசத்தை யாரும் ஒரு கொறை சொன்னதில்லை. அவ வந்த மொதல் அமாவாசைக்கு ரசம் வெச்சா. எங்கூட்டுக்காரரு சோத்துக்கு ஊத்தி உண்டுட்டு, டம்ளர்ல கேட்டு வாங்கிக் குடிச்சாரு. டம்ளர்ல. என்ற ரசத்தை அந்த மனுசன் ஒருநாளாவது டம்ளர்ல கேட்டிருப்பாரா? போய்ச் சேர்றவரைக்கும் கேக்கலை. அதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கறதில்லை.

அப்புறம் ஒரு எருமை. கட்டுத்தரையில கட்டியிருக்கும். நான் போனாப் பால் எறக்காது. நானும் அதுகிட்ட நல்லவிதமாத்தான் பேசுவேன். ஏன் கண்ணு, தண்ணி குடிச்சயா, சோளத்தட்டு பத்துச்சா, உன்ற கன்னுக்குட்டி எங்க போச்சு பாரு, வால்ல என்ன சாணியப் பூசிட்டு வந்திருக்கறன்னு. அது மடிய இறுக்கிக்கிட்டு ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். நாச்சா போவா. ஒரு வார்த்தை பேசமாட்டா. மடியத் தொடைச்சு விட்டுட்டுக் குந்துவா. சர்ருன்னு எறக்கும். எங்க மாமனார் சொல்லுவாரு, "மயிலா, நீ சித்தெ பேசாமக் கறந்து பாரு"ன்னு. எருமையா இருந்தாலும் ரெண்டு வார்த்தை ஆசையாப் பேசுனாத்தானே அதுக்கும் நல்லா இருக்கும்? புத்தியில்லாத எருமை. வித்துப்போட்டோம்.

பூபதிக்கு அம்மை போட்டப்போ கூட அப்படித்தான். நான் வேப்பந்தழைய வெச்சுக்கிட்டு, எங்க வலிக்குது கண்ணு, என்ன வேணும் கண்ணு, எளநி வேணுமா, நொங்கு வேணுமான்னு கேட்டுக்கிட்டே இருக்கறேன். கண்ணைத் தொறந்து, "சித்தி வரட்டும்"ங்கறான். பெத்தவ நான் பக்கத்துல உக்காந்துருக்கறேன்.

எங்க விட்டேன். ஆங், நெட்டு.

என்ற பேத்தி பேரு நறுமுகை. முகின்னு கூப்பிடுவோம். ஏழு வயசு. அங்க பொழுது விழுந்து சோறு உண்டுட்டுக் கூப்பிடும், இங்க அப்பொத்தான் வெயில் தாழும். அது மூஞ்சியப் பாக்கறதுக்குத்தான் பூபதி இந்த நெட்டையே வெச்சுக் குடுத்தான். நெட்டுப் பெட்டி என்ற வூட்ல. ஒயரு வர்றது என்ற வூட்டுக்கு. "சித்தி போன்லயும் போட்டுவிடறேம்மா"ன்னான். போட்டுவிடுன்னு நான்தான் பெருந்தன்மையாச் சொன்னேன்.

முகி என்னைய அப்பத்தாம்பா. அவளையச் சின்னும்பா. சின்ன அப்பத்தாங்கறதைச் சுருக்கிச் சின்னு. எனக்கு ஒரு சுருக்கம் கெடையாது. ரேசன் கார்டுல எழுதற மாதிரி நீட்டமா அப்பத்தா.

அது இருக்கட்டும். கூப்பிட்டுதுன்னா நான் சும்மா விடுவனா? ஏன் கண்ணு, என்ன உண்ட, எத்தனை உண்ட, உங்கம்மா நெய் ஊத்துனாளா, ஏன் எளச்சுட்ட, எண்ணெய் வெச்சுக்கறயா, பல்லு வுழுந்துச்சே மொளச்சுதா, காட்டு பாக்கலாம், வாய்ப்பாடு எதுவரைக்கும் வந்துச்சு, சொல்லு பாக்கலாம். பெத்தவங்க அவங்க பாட்டுக்கு வேலைக்குப் போயிர்றாங்க, கேக்கறதுக்கு வேற யாரு இருக்கறா? ரெண்டு வார்த்தை சொல்லும். மூணாவது கேக்கறப்போ நின்னுரும்.

டக்குனு நின்னுரும் அம்மிணி. வாய் தொறந்தது தொறந்தபடி. ஒரு கண்ணு பாதி மூடுனபடி. கை தூக்குனது தூக்குனபடி. செலைதான். முகி, முகி, கேக்குதான்னு நான் கத்தறேன், ஒண்ணுமில்லை. பின்னால சன்னல் சீலை மட்டும் காத்துக்கு ஆடிட்டே இருக்குது. மேல ஃபேன் சுத்திட்டே இருக்குது. புள்ளை மட்டும் நிக்குது. உங்க நெட்டு இருக்கற லச்சணத்தைப் பாரு, சீலைக்கு வருது, ஃபேனுக்கு வருது, புள்ளைக்கு வர்றதில்லை.

என்ன சிரிக்கற? சிரிக்கலையா? இருமலா? அந்தச் செம்புல தண்ணி இருக்குது, குடி.

ஒருக்கா அப்படி நின்னுட்டு இருக்கறப்போ தும்முச்சு. ஒரே தும்மல். தும்மிட்டு மறுபடியும் அதே மாதிரி வாயைத் தொறந்துக்கிட்டு நின்னுருச்சு. அந்தத் தும்மற நேரத்துக்கு மட்டும் நெட்டு வந்துட்டுப் போயிருக்குது. இதைப் பூபதிகிட்ட வெலாவாரியாச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசலை. அவனுக்கும் நின்னுருச்சோ என்னமோ. அப்புறம், "நான் கம்ப்ளைண்ட் போடறேம்மா"ன்னான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. பாவம், அவனுக்கும் வெசனம்தானே.

நான் சும்மா இருக்கலை. டி.வி.ய நிறுத்திட்டுப் பேசிப் பாத்தேன். ஃபிரிட்ஜை நிறுத்திட்டுப் பேசிப் பாத்தேன், பால்தான் திரிஞ்சுது. ஃபிரிட்ஜுக்கெல்லாம் நெட்டு போகாதும்மான்னான் பூபதி. பெட்டிய அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துல இருந்து எடுத்து சாமி அலமாரியில வெச்சேன், குங்குமப் பொட்டு நான் வெச்சதுதான், அழிக்காத. எதுத்த வூட்டுக்காரரு திருடறாரோன்னு ஒரு சந்தேகம். அவரு எந்நேரமும் நம்ம காம்பவுண்டுச் செவுத்தோரமாவே உக்காந்து போன் பாக்கறாரு. பாஸ்வேர்டை மாத்துடான்னேன். மாத்துனான். மாத்திட்டு, அங்க இருந்துக்கிட்டே மொதல்ல அவன் சித்திக்குத்தான் சொல்லிக்குடுத்துப் போடவெச்சான். எனக்கு அப்புறம். ஏண்டான்னா, "சித்தி ஒருக்காச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்கம்மா"ங்கறான். எனக்கு என்ன, ஒருக்காச் சொன்னாப் புரியாதா? நான் ரெண்டு கேள்வி கேப்பேன். கேக்காம எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒருநாள் இப்படிப் படம் நின்னு நான் வெச்சுட்டேன். மேல துணி எடுக்கப் போனேன். நாச்சா கதவு தொறந்திருந்துச்சு. எட்டிப் பாத்தேன். பாக்கோணும்னு இல்லை, தொறந்திருந்துச்சு. போனைப் பருப்பு டப்பா மேல சாத்தி வெச்சிருக்கறா. இவ கீழ உக்காந்துக்கிட்டு முருங்கைக்கீரை உருவறா. அதுல முகி. குப்புறப் படுத்துக்கிட்டுக் கலர் அடிச்சுட்டு இருக்குது. இவளும் பேசலை, அதுவும் பேசலை. நான் நின்னேன், நின்னேன், நின்னுட்டே இருக்கறேன். கீரை உருவற சத்தமும் பென்சில் தேய்க்கற சத்தமும்தான். ரொம்பக் கழிச்சு அந்தப் புள்ளை, "சின்னு, பச்சை தீந்துருச்சு"ங்குது. இவ, "ம்"ங்கறா. மறுபடியும் ரெண்டு பேரும் கம்முனு இருக்கறாங்க.

எனக்கு வயிறு எரிஞ்சுது. பேசறதுக்குத்தானே நெட்டு? பேசாம இருக்கறதுக்கு எதுக்கு நெட்டு? கீழ நான் ஆயிரம் கேள்விய வெச்சுக்கிட்டு ஒரு பதிலுக்கு நெட்டு இல்லாம உக்காந்துருக்கறேன், இவ மேல உக்காந்து ஒரு 'ம்'முக்கு நெட்டு முச்சூடையும் ஊத்தித் தீக்கறா.

அப்பவும் நான் ஒண்ணும் பண்ணலை. அப்புறம்தான் அந்த ஞாயித்துக்கெழமை வந்துச்சு. அந்தியூர்ல இருந்து ஒறம்பரை வந்திருந்தாங்க, என்ற அண்ணனும் அண்ணியும். அண்ணி எப்பப் பாத்தாலும் அவ பேரனைப் பத்தியே பேசுவா. நீச்சல்ல கப்பு வாங்குனான், அதுல இதுல. சரி நானும் காட்டலாம்னு போனைப் போட்டேன். முகி எடுத்துச்சு. "கண்ணு, யாரு வந்திருக்கறாங்க பாரு, கும்புடு, பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்த பாட்டைப் பாடு"ன்னேன். கையைத் தூக்குச்சு. அப்படியே நின்னுருச்சு.

கும்புடாமயே நின்னுருச்சு அம்மிணி. அண்ணி போனுக்குள்ள மூக்கை விட்டுப் பாத்துட்டு, "படம் நின்னுருச்சாட்ட இருக்குது மயிலா, பரவால்ல விடு"ன்னா. அந்தப் பரவால்லைய அவ சொன்ன மாதிரி இருக்குதே. சரின்னு வெச்சுட்டு, காப்பி ஆத்திட்டு இருக்கறேன். மேல இருந்து சிரிப்புச் சத்தம். முகி சிரிச்சா நடுவுல விக்கல் மாதிரி ஒண்ணு வரும், எனக்குத் தெரியாதா? என்ற போன்ல செலையா நின்ன புள்ளை, அவ போன்ல விக்கி விக்கிச் சிரிக்குது. அண்ணி தலையைத் தூக்கி மச்சைப் பாத்தா. அப்புறம் என்னையப் பாத்தா. அப்புறம் முறுக்கைக் கடிச்சா. டம்ளர்ல இருந்த காப்பி என்ற கையில கொட்டிருச்சு. சூடே தெரியலை.

அன்னைக்குத்தான் எனக்கு விசயம் புரிஞ்சுது. வாய்க்கால் ஒண்ணு, வயலு ரெண்டு. மேல் வயலு குடிச்சுட்டா கீழ் வயலுக்கு எங்கிருந்து வரும்?

இது உங்க ஆபீசுல படிச்சுக் குடுக்கறதில்லை. எங்க மாமனாருக்குப் பங்குக் கெணறு. ஒருநாள் பங்காளிக்கு முறை, மறுநாள் எங்களுக்கு. ஒருக்கா எங்க முறையன்னைக்குக் கரும்புக்குத் தண்ணி ஏறவே மாட்டேங்குது. ஆம்பளைக அத்தனை பேரும் மோட்டாரைப் பாக்கறாங்க, பெல்ட்டைப் பாக்கறாங்க, கரண்டுக்காரனைத் திட்டறாங்க. நான் வாய்க்கால் ஓரமாவே நடந்து போனேன். பாத்தா பங்காளி பொண்டாட்டி ஒரு கையகலம் கரையை வெட்டி விட்டுக்கிட்டு, அவ மொளகாச் செடிக்குப் பக்கத்துல ஒண்ணுந்தெரியாத மாதிரி உக்காந்துருக்கறா. நான் ஒரு வார்த்தை பேசலை. பேசுனேன், ஊருக்கே கேட்டுச்சு, அது வேற. பேசிக்கிட்டே மம்முட்டியால ரெண்டு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு, காலால மிதிச்சு விட்டேன். மிதிக்கோணும் அம்மிணி. சும்மா மண்ணைப் போட்டுட்டு வந்தா அடைப்பு நிக்காது. மிதிச்சாத்தான் நிக்கும். கரும்புக்கு ஜலஜலன்னு ஏறுச்சு.

அதே மாதிரிதான். பெட்டியத் தூங்க வெச்சு எழுப்பறதுக்குன்னு பூபதி என்ற போன்ல ஒரு ஆப்பு போட்டுக் குடுத்திருந்தான். ஒறம்பரை போனதுக்கு மறுநாள் காத்தால, கண்ணாடியப் போட்டுக்கிட்டு அதைத் தொறந்தேன். ஒவ்வொரு போன் பேரும் இருக்குது. நாச்சம்மாள்னு அவ பேரு, பூபதியே போட்டு வெச்சிருக்கறான். பேருக்குக் கீழ ஒரு கோடு. கோட்டுல ஒரு புள்ளி. புள்ளி அந்தக் கோடியில இருந்தா நெறைய, இந்தக் கோடிக்கு வந்தாக் கொஞ்சம். இதுக்கு இங்கிலீசா தெரியோணும்? வெரலை வெச்சு இழுத்தேன். வெரல் வேர்த்துக் கெடந்துச்சு, வழுக்கி வழுக்கிப் போகுது. சீலையில தொடைச்சுட்டு மறுபடியும் இழுத்தேன். இந்தக் கோடிக்கு வந்து நின்னுச்சு. போனை அணைச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன்.

பொழுதோட படிக்கட்டுக்குக் கீழ போயி நின்னேன். "ஏ நாச்சா, மேல நெட்டு வருதா?"ன்னேன்.

அவ மேல்படியில வந்து நின்னா. அங்க இருந்துக்கிட்டு என்னையப் பாக்கறா. நான் முந்தின நாள்ல இருந்து சரியாச் சோறு உங்கலை, தலைகூடச் சீவலை. கையில காப்பி கொட்டுன எடத்துல மஞ்சளைப் பூசிக்கிட்டு நிக்கறேன். மூஞ்சி எப்படி இருந்துச்சோ.

"உன்னையத்தான் கேக்கறேன், வருதா?"

"வரலீங்கக்கா."

எனக்கு ஒடம்பெல்லாம் குளுகுளுன்னு ஆயிருச்சு.

"ஏனாம்?"

"தெரியலீங்கக்கா. வரலை."

சரி, பாவம், நெட்டில்லாதவதானேன்னு, "வேணும்னாக் கீழ வந்து என்ற போன்ல பாத்துக்க"ன்னு சொல்லி வெச்சேன். வருவான்னு நெனைக்கலை. மொறத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டா. அந்தா, அந்தச் செவுத்தோரமா உக்காந்தா. நான் போனுக்கு நேரா.

முகி கூப்பிட்டுச்சு. நிக்கவே இல்லை. நம்புவயா? ஒருக்காக்கூட நிக்கலை. அன்னைக்கு இல்லை, மறுநாள் இல்லை, அதுக்கு மறுநாள் இல்லை. சின்னு எங்கன்னு கேக்கும், அந்தா இருக்கறான்னு போனைத் திருப்பிக் காட்டுவேன், அப்புறம் படம் தண்ணி மாதிரி ஓடும். அவ கீழ இருந்தா அவ போன் மேல சும்மா கெடக்குது. சும்மா கெடந்தா என்ற போனுக்கு வருது. இதுக்கு மேல உனக்கு என்ன ருசு வேணும்? நடுவுல ஒருநாள் காய்ச்சல்னு அவ கீழ வரலை. அன்னைக்குப் பாத்தா மறுபடியும் புள்ளை நின்னுருச்சு. மேல படுத்துக்கிட்டுப் போனை நோண்டியிருப்பா. அடைச்சும் எங்கயோ கசிஞ்சிருக்குது.

ஒரு தொந்தரவுதான். இவ பக்கத்துல இருந்தா என்னைய ஒழுங்காப் பேச விடமாட்டா. என்ன உண்ட கண்ணுன்னு நான் வாயெடுப்பேன், "அக்கா, இந்தக் கத்தை முத்தலான்னு பாருங்க"ன்னு ஒரு கீரையைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா நீட்டுவா. அதைப் பாத்துச் சொல்றதுக்குள்ள முகி அது பாட்டுக்கு ஆரம்பிச்சுரும். பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளை ரப்பரை முழுங்கிருச்சு, டீச்சர் அழுதுட்டாங்கன்னு. அது முடிஞ்சு வாய்ப்பாடு கேக்கலாம்னா, "அக்கா, இதுல புழு இருக்குதா பாருங்க"ம்பா. எத்தனை வருசமாக் கீரை உருவறா, இவளுக்குப் புழு தெரியாதா? சொல்லி வெச்ச மாதிரி நான் கேக்கற நேரத்துக்குத்தான் புழு வரும்.

அப்புறம் முகியே ஒருநாள், "அப்பத்தா, உங்களுக்கு உருவத் தெரியாதா?"ன்னு கேட்டுச்சு. எனக்கா தெரியாது? இங்க கொண்டான்னு ஒரு கத்தையப் புடுங்கி உருவிக் காட்டுனேன். சும்மா உருவி எறிஞ்சேன். கை வேலையா இருந்தா வாய்க்குக் கேள்வி வர்றதில்லை, அது ஒண்ணு. முகி பாத்துட்டே இருந்துச்சு. "அப்பத்தா வேகம்"ன்னுச்சு. சின்னுவை விடவான்னேன். அது யோசிச்சுது, யோசிச்சுது, நின்னுருச்சோன்னு நான் பயந்தே போயிட்டேன். கண்ணைச் சிமிட்டுச்சு, நிக்கலை. "கொஞ்சூண்டு"ன்னுச்சு. நாச்சா காதுல வுழுந்துச்சான்னு திரும்பிப் பாத்தேன். குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கறா. தோத்தவ எதுக்குச் சிரிக்கோணும், அவ எப்பவும் அப்படித்தான்.

இப்பவாவது எழுதிக்க. அடைச்சதுனாலதான் சரியாச்சு.

என்ன, இன்னும் இல்லைங்கற? காட்டு. கிட்டக் காட்டு, கண்ணாடி எங்க? இது நாச்சா பேரு. கோடு. ஏன், புள்ளி அந்தக் கோடியில இருக்குது? நான் இந்தக் கோடிக்கு இழுத்துட்டு வந்தேனே. யாரு மாத்துனா? அவளா? யாரும் மாத்தலையா?

எந்தக் கட்டம்? இந்த நீலமா இருக்கறதா? புள்ளிய இழுத்துட்டுக் கடைசியா இதை அமுத்தோணுமா? அமுத்தாம வந்துட்டா அது பழையபடி அங்கயே போயிக்குமா?

அட, நான் மிதிக்கவே இல்லையா.

அப்பொ மேல நெட்டு வந்துட்டேதான் இருந்துச்சா? எப்ப இருந்து? அன்னைக்கே இருந்தா? இல்லை அம்மிணி, உன்ற கையில இருக்கற கருவி தப்பாச் சொல்லுது. அவதான் வரலைன்னு சொன்னாளே. மேல்படியில நின்னுட்டுச் சொன்னாளே. நான் தெனமும் கேப்பேன், தெனமும் சொல்லுவா, வரலீங்கக்கான்னு. நேத்துக்கூடச் சொன்னா. நாச்சா பொய் சொல்லமாட்டா. அவமேல ஆயிரம் இருக்குது எனக்கு, பொய் மட்டும் சொல்லமாட்டா.

சித்தெ இரு.

அவளுக்கு முட்டி வலி. ஒவ்வொரு படிக்கும் செவுத்தைப் புடிச்சு நின்னு நின்னுதான் எறங்குவா. நெட்டு இருக்கறவ, மேலயே காலை நீட்டி உக்காந்து புள்ளையோட கம்முனு இருக்கறவ, அந்தப் படியில எதுக்கு எறங்கி வரோணும்? தெனமும்? என்ற கேள்வியவெல்லாம் கேக்கறதுக்கா?

சொல்லாத. உனக்குத் தெரிஞ்சாலும் சொல்லாத.

என்னது, இப்பொ அமுத்தி விடட்டுமாவா? கையை எடு. அமுத்தாத. கையை எடுங்கறேன்ல. புள்ளி எங்க இருக்குதோ அங்கயே இருக்கட்டும். அடைக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

எங்க எந்திரிக்கற? மேல போயி அவ போனையும் பாக்கோணுமா? போக வேண்டாம். நீ போயி, நெட்டு நல்லா வருதுங்களே பாட்டின்னு பட்டுனு சொல்லிப்போடுவ. அப்புறம் நாளைக்கு அவ என்னத்தைச் சொல்லீட்டு எறங்கி வருவா? மேல சரியில்லைன்னே எழுதிக்க. வயசான பொம்பளைங்க, கேட்டா வரலைங்கறாங்கன்னு எழுது. பூபதி கேட்டா நான் சொல்லிக்கறேன். அவனும் ஒண்ணும் கேக்கமாட்டான்.

போறதுக்கு முன்னால ஒரு வேலை பண்ணு அம்மிணி. அந்தப் பிளாஸ்டிக் சேரைச் செவுத்தோரத்துல இருந்து எடுத்து இங்க போடு. கீழ குந்தி எந்திரிக்க அவளால முடியறதில்லை. இங்க, என்ற பக்கத்துல. அத்தனை பக்கத்துல வேண்டாம். இன்னும் சித்தெ அக்கட்ட. போனுக்கு நேரா நான்தான். ஆங், அப்படி.

வெயில் தாழ்ந்துருச்சு. இப்பொ முகி கூப்பிட்டுரும். நீ வாயைத் தொறக்காம நில்லு, நான் கேக்கறேன், கேளு.

ஏ நாச்சா, மேல நெட்டு வருதா?

பாத்தயா, வரலைங்கறா.

வரலைன்னா அங்க எதுக்கு நின்னுட்டு இருக்கற? செவுத்தைப் புடிச்சுக்கிட்டு மெல்லமா எறங்கு. கீரை மொறத்தை எடுத்துக்கிட்டு உள்ள வா. எனக்கும் ஒரு கத்தை சேத்துக் கொண்டா.